ஹல் துறை லில்லியன் பிலோக்கா அம்மையார் சரித்திரம்

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்பதும், அந்நிலத்திற்குரிய உரிப்பொருள் இரங்கல் என்பதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த இலக்கணமாம். கடல்மேற் சென்றவன் மீளுமளவும் கரையிலிருந்து வருந்துதல் நெய்தல் மகளிர்க்கு இயல்பென நம் முன்னோர் கண்டனர். இஃது ஒரு நாட்டிற்கே உரிய இயல்பன்று. வலை கொண்டு வாழும் மக்கள் யாண்டு உளரோ ஆண்டெல்லாம் இஃது உண்மையே. ஆயினும், இரங்கியிருத்தலோடு அமையாது எழுந்து வினைசெய்து, கடலோடிகளின் உயிர்க்குக் காவல் தேடித் தந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கட்கு ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன். அவர் செல்வக் குடியிற் பிறந்தவரல்லர். கல்லூரி வாயிலை மிதித்தவருமல்லர். மீனின் தோலுரித்துக் கூலி பெற்ற எளிய தொழிலாளி. இங்கிலாந்து தேசத்தின் கீழ்க்கரையிலுள்ள ஹல் என்னும் துறைமுகத்திலே பிறந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே மறைந்த லில்லியன் பிலோக்கா அம்மையாரே அவர். அவர்தம் சரித்திரத்தைக் கூறப்புகின், அத்துறையின் ஏற்றத்தையும் தாழ்வையும் உடன் கூறாதிருத்தல் இயலாது. ஆதலின் அதனையே முதற்கண் கூறுவாம்.

துறையின் ஏற்றம்

ஹம்பர் என்னும் அகன்ற கழிமுகத்தின் வடகரையில், ஹல் என்னும் ஆறு வந்து கலக்குமிடத்தில் அந்நகரம் அமைந்துள்ளது. 1299ஆம் ஆண்டிலே முதலாம் எட்வர்டு மன்னர் அதற்கு நகருரிமைப் பட்டயம் அளித்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திமிங்கில வேட்டைக் கலங்கள் பல அங்கிருந்து வடகடல் நோக்கிச் சென்றன. அவ்வேட்டை மெலிந்த காலத்து, மீன்பிடித் தொழில் தலையெடுப்பதற்கு இரண்டு ஏதுக்கள் வாய்த்தன. 1840ஆம் ஆண்டில் அந்நகர்க்கு இருப்புப்பாதை வந்தமையால், காலையிற் கரையேறிய மீன் கெடுமுன் உள்நாட்டுத் தொழில் நகரங்களைச் சென்றடைய வழி பிறந்தது. அஃதன்றியும், அக்காலத்தையொட்டி வடகடலின்கண் சில்வர் பிட் என்னும் ஆழ்பள்ளத்தில் மீன்வளம் மிக்கிருத்தல் கண்டுபிடிக்கப்பட்டது. தென்னிங்கிலாந்தின் பிரிக்ஸம், ராம்ஸ்கேட் முதலிய ஊர்களிலிருந்து மீனவக் குடும்பங்கள் பாய்மரக் கலங்களோடு புறப்பட்டு ஹல் நகரிற் குடியேறின.

1883ஆம் ஆண்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் துறை என்னும் கப்பற்றுறை திறக்கப்பெற்று, பின்னர் அது மீன் தொழிலுக்கே உரியதாயிற்று. அதனையொட்டி ஓடும் ஹெஸ்ஸல் சாலையின் இருமருங்கும் கிளைத்த குறுந்தெருக்களில் மீனவர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. ஆடவர் கப்பலேறினர், கரையிற் சிலர் நள்ளிரவில் மீனிறக்கினர், பெண்டிர் மீன் அறுத்தும், உப்பிட்டும், புகையூட்டியும், வலை பின்னியும் பொருளீட்டினர். பாய்மரம் போய் நீராவி வந்தபின், டிராலர் என்னும் இழுவலைக் கப்பல்கள் ஐஸ்லாந்து, பேரண்ட்ஸ் கடல், கிரீன்லாந்து எனத் தொலைவிடங்கட்குச் சென்று காட் என்னும் மீனை மிகுதியாகக் கொணர்ந்தன. உலகின் சேய்மைக் கடல் மீன்பிடி நகரங்களுள் ஹல் முன்வரிசையில் நின்றது.

அச்செல்வத்திற்கு அம்மக்கள் கொடுத்த விலை சிறிதன்று. ஒரு பயணம் ஏறத்தாழ மூன்று வாரம், மீண்டபின் கரையில் தங்குவது இரண்டு மூன்று நாள், மறுபடியும் கடல். குளிர்காலத்து ஐஸ்லாந்தின் வடபால் வீசும் காற்றில், அலைத்திவலை கப்பலின்மீது விழுந்தவிடத்தே உறைந்து பனிக்கட்டியாய் ஏறும். பாய்மரத்திலும் கயிற்றிலும் மேற்றளத்திலும் ஏறிய அப்பனியைக் கோடரி கொண்டு ஓயாது வெட்டியெறிதல் வேண்டும். வெட்டும் கை தளருமாயின், மேற்பாரம் மிகுந்து கப்பல் ஒருபாற் சாய்ந்து கவிழும். அத்துறையிலிருந்து சென்று மீளாத மீனவர் தொகை எல்லாக் காலத்தும் சேர்த்து ஏறத்தாழ 6,000 என்பர்.

இத்துணை இடர்க்கிடையே வாழ்ந்தோரிடம் சகுன நம்பிக்கை மிகுந்திருந்ததில் வியப்பில்லை. கணவன் கப்பலேறும் நாளில் மனைவி துணி துவைத்தலாகாது. துவைப்பின் கடல் அவனை அடித்துச் செல்லும். கையசைத்து விடை கொடுத்தலாகாது. எல்லாவற்றினும் மேலாக, கப்பல் புறப்படும் துறையிற் பெண் வந்து நிற்றலாகாது. தலைமுறை தலைமுறையாக அவ்விதி மீறப்படாதிருந்தது.

பிறப்பும் இல்வாழ்க்கையும்

லில்லியன் அம்மையார் 1929ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் ஹெஸ்ஸல் சாலையைச் சார்ந்த குடியிருப்பிற் பிறந்தார். தந்தையார் கடலோடி. அம்மையார் தமது 14ஆம் வயதிலே பள்ளியை நீங்கி, மீன்சாலையிற் சேர்ந்து காட் மீனின் தோலுரிக்கும் தொழிலை மேற்கொண்டார். பனிக்கட்டி நீரிற் கை விறைக்க நாள் முழுதும் நின்று செய்யும் வேலை அது. மால்தாத் தீவினரான பிலோக்கா என்னும் கடலோடியை மணந்து, ஓர் ஆண்மகவையும் ஒரு பெண்மகவையும் ஈன்றார். கணவரும் கடலிற் சென்றார். மகனும் வளர்ந்தபின் டிராலரிலே தொழிலுக்கமர்ந்தான். தந்தை, கணவன், மகன் என மூவரையும் கடலுக்கனுப்பிய அவ்வம்மையார், அந்நகரத்துப் பெண்டிர் ஆயிரவருள் ஒருவராகவே 38 ஆண்டு வாழ்ந்தார். உருவத்தாற் பெரியவர், குரலும் பெரிது, உள்ளத்திலுள்ளதை மறைக்க அறியாதவர்.

மூன்று கப்பல்கள்

1968ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10ஆம் நாள், செயின்ட் ரோமானஸ் என்னும் டிராலர் 20 பேருடன் ஹல் துறையினின்றும் புறப்பட்டது. கம்பியில்லாத் தந்தியை இயக்குதற்கென்று தனியாள் அக்கப்பலில் இல்லை. புறப்பட்ட சின்னாளில் அதனிடமிருந்து செய்தி வருவது நின்றது. ஆயினும் ஜனவரி 26ஆம் நாள் வரை அதனைத் தேடுவாரில்லை. தந்தியாள் இல்லாத கப்பல் வாய் பேசாதிருத்தல் இயல்பே என்று கரையிலுள்ளோர் வாளாவிருந்தனர் போலும்! அதே ஜனவரி 10ஆம் நாள் புறப்பட்ட கிங்ஸ்டன் பெரிடாட் என்னும் கப்பலும், ஐஸ்லாந்தின் வடபால் உறைபனியோடு போராடி, அம்மாத இறுதியில் 20 பேருடன் மறைந்தது. இரு கப்பல்களையும் பற்றிய துயரச் செய்தி ஹெஸ்ஸல் சாலையில் வீடுதோறும் பரவியது.

அந்நிலையிலேதான் லில்லியன் அம்மையார் எழுந்தார். கடலைச் சினந்து பயனில்லை. ஆனால் தந்தியாள் இன்றிக் கப்பலை அனுப்பியது கடலின் குற்றமன்று என்பது அவர் கண்ட உண்மை. இஃது எளிய உண்மையேயாயினும், அதனை வெளிப்படச் சொல்ல அதுவரை அத்துறையில் துணிந்தவர் அரியர். வீடுவீடாகச் சென்று விண்ணப்பத்திற் கையொப்பம் வாங்கத் தொடங்கினார். மேரி டென்னஸ், கிறிஸ்டீன் ஜென்சன், இவான் பிளெங்கின்சாப் என்னும் மூன்று பெண்மணிகள் அவர்க்குத் துணையாயினர். சில நாட்களுக்குள் 10,000 பேர் கையொப்பமிட்டனர்.

பிப்ரவரி 2ஆம் நாள் ஹெஸ்ஸல் சாலையிலுள்ள விக்டோரியா மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பெண்டிர் கூடினர். தலையிற் சதுரத்துணி கட்டி, வேலைக்கு வரும் கோலத்திலேயே வந்தனர். கூட்டம் முடிந்ததும் அம்மையார் முன்செல்ல, கப்பல் முதலாளிகளின் அலுவலகம் நோக்கி நடந்தனர். மறுநாள் விடியலில் அம்மையார் தம் தோழியருடன் கப்பற்றுறைக்கே சென்று நின்றார். பெண் வந்து நிற்றலாகாது என்று தலைமுறை தலைமுறையாகக் காத்த இடத்தில், புறப்படும் ஒவ்வொரு கப்பலையும் நோக்கி, தந்தியாள் உளனோ என்று உரத்து வினவினார். செயின்ட் கெவர்ன் என்னும் கப்பலில் தந்தியாள் இல்லை என்று அறிந்தவுடன், கரையினின்று அதன்மேற் பாய்ந்தேற முயன்றார். காவலர் அவரைப் பற்றி இழுத்து நிறுத்தினர். அக்காட்சியைப் பத்திரிகைக்காரர் படம் பிடித்தனர். மறுநாள் நாடெங்கும் அவர் பெயர் பரவியது.

அதற்கு அடுத்த நாள், அஃதாவது பிப்ரவரி 4ஆம் நாள், மூன்றாவது இடி விழுந்தது. ராஸ் கிளீவ்லாந்து என்னும் டிராலர் புயலுக்கு அஞ்சி ஐஸ்லாந்தின் இஸாபியோர்டு என்னும் கடற்கழியில் ஒதுங்கியிருந்தது. அங்கும் உறைபனி அதனை விடவில்லை. கப்பல் சாய்ந்தபோது அதன் தலைவர், தாம் மூழ்குவதையும், தம்முடையவும் தம் ஆட்களுடையவும் அன்பை மனைவி மக்கட்குத் தெரிவிக்க வேண்டுவதையும் தந்தி வழியே அறிவித்து அமைந்தார். அவர், அம்மையாரின் தோழியான கிறிஸ்டீன் ஜென்சனின் உடன்பிறந்தவர். கப்பலிலிருந்த 19 பேரில் மூவர் மிதவைப் படகில் ஏறினர். அவர்களுள் இருவர் குளிரால் மாண்டனர். துணைத்தலைவரான ஹாரி எட்டம் ஒருவரே கரையேறி உயிர் பிழைத்தார். மூன்று கப்பல்களிலும் மாண்டோர் 58 பேர். மூன்று வாரச் சிறுபொழுதில் ஒரே நகரின் ஒரே சாலையைச் சூழ்ந்த தெருக்களிற் பல இல்லங்கள் தலைவனை இழந்தன.

தலைநகரிற் பெற்ற வெற்றி

பிப்ரவரி 6ஆம் நாள் அம்மையாரும் தோழியரும் விண்ணப்பத்தை ஏந்தி, புகைவண்டியேறி லண்டன் மாநகர் சென்று மந்திரிமாரைக் கண்டனர். கப்பல்தோறும் தந்தியாள் வேண்டும்; முன்னறிவிப்பு நன்றாக வேண்டும்; புதிதாய்ச் சேரும் இளைஞர்க்குப் பயிற்சி வேண்டும்; காப்புக் கருவிகள் திருந்த வேண்டும்; மருத்துவ வசதியும் வானிலை அறியும் கருவியும் உடைய தாய்க்கப்பல் ஒன்று மீன்பிடி கலங்களோடு உடன்செல்ல வேண்டும் என்பன அவர்தம் வேண்டுகோள்கள். பல்லாண்டாகத் தொழிற்சங்கங்கள் கேட்டும் கிட்டாதவற்றைச் சின்னாளிலே அப்பெண்டிர் பெற்றனர். அவர்கள் எழுப்பிய கிளர்ச்சியின் பயனாக 88 பாதுகாப்பு ஏற்பாடுகள் நடைமுறைக்கு வந்தன என்று வரலாறு கூறும். அவ்வாண்டின் இறுதியில் வந்த குளிர்காலத்திலேயே ஓர்சினோ என்னும் தாய்க்கப்பல் ஐஸ்லாந்துக் கடலுக்கு அனுப்பப்பெற்றது.

ஊரார் செய்த கைம்மாறு

அன்பர்களே! இவ்வெற்றியோடு சரித்திரம் முடிந்திருப்பின் நன்றாயிருக்கும். முடிந்திலது. அம்மையாரைப் போற்றியவர் பலராக, தூற்றியவரும் பலராயினர். ஆடவர் தொழிலிற் பெண்டிர்க்கு என்ன வேலை என்றனர் சிலர். கப்பல் துறையில் நிற்கும் நாளெல்லாம் கூலியற்ற நாளாயிற்றே என்று வெகுண்டனர் சிலர். உழைத்தால் உண்டு, இன்றேல் இல்லை என்னும் வாழ்க்கையுடையார்க்கு அவ்வெகுளி எழுந்ததை முற்றும் குறை கூறுதற்கும் இல்லை. கொலை செய்வோமென்னும் அச்சுறுத்தற் கடிதங்களும் வந்தன. அம்மையாரும் குற்றமே அற்றவரென்று கூறேன். தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில், கடலோடிகள் கரையிலிருக்கும் நாட்களை எவ்வாறு கழிப்பர் என்று வினவியபோது, தம் இயல்புப்படி ஒளிவுமறைவின்றி விளையாட்டாகச் சொல்லிய சொல் ஊரார் பலர் மனத்தைப் புண்படுத்திற்று. அச்சொல்லைப் பற்றிக்கொண்டு, அவர் செய்த நன்மையை மறந்தவர் உண்டு.

அவர் தம் வேலையை இழந்தார். பின்னர் அந்நகரின் மீன்சாலைகளுள் ஒன்றும் அவர்க்கு வாயில் திறந்திலது. 14ஆம் வயது முதல் அறிந்த தொழில் அவர்க்கு அடைபட்டது. சில காலம் வேலையின்றியிருந்து, முடிவில் இரவுநேரக் கேளிக்கை விடுதியொன்றில், வருவோர் கழற்றித் தரும் மேலங்கிகளை வாங்கி வைக்கும் வேலையில் அமர்ந்தார். 10,000 பேர் கையொப்பத்தை மந்திரிமார்முன் வைத்த கைகள் பிறர் மேலங்கியை ஏந்தின. உழைப்பில் இழிவில்லை, ஆயினும் தம் மக்கள் உயிர்காக்கப் பேசியவரைத் தம் மக்களே கைவிட்டது இழிவன்றோ?

துறையின் வீழ்ச்சி

அம்மையார் எதிர்த்துப் பேசியதனால் தொழில் கெட்டது என்று கூறியோர் கூற்று எத்துணைப் பொய் என்பதைப் பின் நிகழ்ந்தவை காட்டின. தொழில் கெட்டதற்குக் காரணம் வேறு. ஐஸ்லாந்து சிறிய நாடு. மீனன்றி அதற்கு வேறு பெருஞ்செல்வமில்லை. தன் கரைசார்ந்த மீன்வளம் குன்றுதல் கண்டு, அந்நாடு தன் மீன்பிடி எல்லையை 1958ஆம் ஆண்டில் 12 கடல் மைலாகவும், 1972ஆம் ஆண்டில் 50 கடல் மைலாகவும், 1975ஆம் ஆண்டில் 200 கடல் மைலாகவும் விரித்தது. ஆங்கிலேயர் போர்க்கப்பல்களை அனுப்பித் தம் டிராலர்களைக் காத்தனர். ஐஸ்லாந்தியர் காவற்கலங்களைக் கொண்டு இழுவலைக் கயிறுகளை அறுத்தனர். காட் போர் என்று பெயர்பெற்ற அப்பூசல் 1976ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உடன்படிக்கையால் முடிந்தது. ஆறு மாத காலத்திற்கு 24 ஆங்கில டிராலர்களே அக்கடலிற் புகலாம். அதன்பின் ஒன்றும் இல்லை. 1977ஆம் ஆண்டில் வேறு நாடுகளும் 200 மைல் எல்லை வகுத்தமையால், போக்கிடம் மேலும் சுருங்கியது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் துறை 1975ஆம் ஆண்டிலேயே மூடப்பெற்று, எஞ்சிய கலங்கள் வேறு துறைக்கு மாற்றப்பட்டன. பின்னர்ச் சின்னாளில் அவையும் விற்கப்பட்டன, உடைக்கப்பட்டன. கப்பல் நின்றதும் மீனிறக்குவார் நின்றனர். மீன் அறுப்பார் நின்றனர். வலை பின்னுவார், பனிக்கட்டி செய்வார், கயிறு திரிப்பார், கடைகாரர் என ஒருவர்பின் ஒருவராகப் பிழைப்பிழந்தனர். பழைய தெருக்களின் வீடுகள் பல இடிக்கப்பட்டு, குடும்பங்கள் நகரின் புறத்தே புதிய குடியிருப்புகளுக்குச் சிதறின. பக்கத்துக் கதவைத் தட்டித் துயர் சொல்லும் வாழ்வு அத்தோடு போயிற்று.

இன்னும் ஒரு கொடுமை உண்டு. ஒவ்வொரு பயணத்திற்கும் தனித்தனி ஒப்பந்தம் செய்யும் வழக்கத்தைக் காட்டி, கடலோடிகள் நிலையான தொழிலாளரல்லர், அவ்வப்போது வந்துபோகும் கூலியாட்களே என்று விதி கூறியது. முப்பது ஆண்டு ஒரே துறையிற் கப்பலேறியவனும் அவ்விதியால் வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டான். வேலையிழந்தார்க்கு உரிய ஈட்டுத்தொகை அவர்கட்கு மறுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில்தான் அரசாங்கம் அத்தவற்றைத் திருத்த இசைந்து, உழைத்த ஆண்டொன்றிற்கு 1,000 பவுன் வீதம், 20,000 பவுனுக்கு மேற்படாமல் அளிக்கும் திட்டம் வகுத்தது. அதற்குள் இறந்துபோனவர் பலர்.

உண்மை கூறுங்கால், அம்மையார் பெற்ற காவலும் எல்லாரையும் காத்திலது. 1974ஆம் ஆண்டு பிப்ரவரியில், கால் என்னும் புதிய பெருங்கப்பல் 36 பேருடன் பேரண்ட்ஸ் கடலில் மூழ்கியது. கடலை வென்றவர் எவருமிலர். ஆயினும், கரையிலுள்ளோர் அசட்டையால் ஒருவன் மாளுதல் வேறு. செய்யத்தக்கவெல்லாம் செய்தும் கடல் கொள்ளுதல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு கோடு கிழித்ததே அம்மையார் செய்த தொண்டு.

இறுதி நாளும் புகழும்

1988ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3ஆம் நாள், தமது 59ஆம் வயதில், ஹல் நகரில் அம்மையார் உலகவாழ்வை நீத்தார். அவர் காக்க முயன்ற தொழில் அவர் கண்முன்னரே அழிந்துவிட்டது. 1990ஆம் ஆண்டில் அவர் நினைவாக அந்நகரிற் கல்வெட்டொன்று பதிக்கப்பெற்றது. 2017ஆம் ஆண்டில் ஹல் நகரம் நாட்டின் பண்பாட்டு நகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவர் வாழ்வு நாடகமாக அந்நகர மன்றத்திலேயே நடிக்கப்பெற்றது. 1968ஆம் ஆண்டில் முகந்திருப்பிய ஊரின் பேரப்பிள்ளைகள் அதனைக் கண்டனர். புகழ் வந்தது; வாழுங்காலத்து ஒரு வேலை தந்திருக்கலாமே என்னும் எண்ணமும் உடன் வருகின்றது.

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்கது யாது? தொழில்கள் தோன்றும், ஓங்கும், ஒருநாள் மறையும். துறை தூர்ந்துபோதலை எந்தச் சங்கமும் தடுத்தல் அரிது. ஆனால் துறை உள்ளவரையில் அதில் உழைப்பவன் உயிர் மலிவாகாமற் காத்தலும், அதற்காக வாய் திறந்தவரை நடுத்தெருவில் விடாதிருத்தலும் ஒரு சமூகத்தின் கையில் உள்ளவை. முதலாளி ஒருவரை விலக்கின், அதன்பின் அவர்க்கு அடுத்த வேளைச் சோறு யார் அளிப்பது என்று சங்கம் அமைத்தோர் முன்னரே எண்ணியிருத்தல் வேண்டும். ஹல் நகரத்தார் அதனை எண்ணாது விட்டனர். பின்னர்க் கல் நாட்டினர். நாம் கல் நாட்டுதற்கு முன்னர் எண்ணுவோமாக.

இரங்கல் நெய்தலுக்கு உரியதென்பது மாறாத உண்மை. எனினும் இரக்கம் கண்ணீரோடு நில்லாது காலெடுத்துத் துறைவரை நடக்கவும் கூடும் என்பதைக் காட்டிய லில்லியன் அம்மையார் பெயர், வலைத் தொழில் உள்ளவரை நிலைபெறுவதாக.